இளமை நினைவும் தொலைக்காட்சியும்

2025-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் எனக்கு அறுபது வயது நிறைவெய்தியது. மணிவிழா எடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினார்கள், நானும் இசைந்தேன். காலையில் சடங்குகள் முடிந்தன, பந்தியும் முடிந்தது. உண்ட களைப்பில் சுற்றத்தார் நாற்காலிகளில் சாய்ந்திருந்த வேளையில், என் தமக்கையின் மகன் மண்டபத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, வெண்சுவரின்மீது ஒரு படக்காட்சியைத் தொடங்கினான். இருளில் இரண்டு வளைகோடுகள் சுழன்று சுழன்று வந்தன. வந்து ஒரு கண்ணின் வடிவாக அமைந்தன. அவற்றுடன் ஷெனாய் இசை மெல்ல எழுந்தது. அது தூர்தர்ஷனின் பழைய முகப்பிசை.

மண்டபம் ஒரு கணம் அமைதியுற்றது. அடுத்த கணமே ஐம்பது வயது கடந்தவர்கள் யாவரும் ஒருங்கே பேசத் தொடங்கிவிட்டார்கள். எந்தத் தெருவில், எவர் வீட்டில், எந்தப் படத்தை முதன்முதலாகக் கண்டோம் என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். என் சிற்றப்பா மகன் கண்களைத் துடைத்துக்கொண்டான். “அண்ணா, அது பொற்காலம்! அப்படி ஒரு காலம் இனி வருமா?” என்றான். வராது என்றுதான் நானும் சொன்னேன்.

அப்போது என் தமக்கை ஒரு சொல் சொன்னார். அச்சொல் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த எனக்கு, வரலாற்றில் நான் கல்லாத பாடம் ஒன்று உண்டு என்பதை அச்சொல் உணர்த்தியது. அது யாதென்று பின்னர்ச் சொல்வேன். அதன் பொருள் விளங்க வேண்டுமாயின், அந்தப் பொற்காலம் எத்தகையது என்பதை முதலில் சற்று ஆராய்தல் வேண்டும்.

இந்தியாவில் தொலைக்காட்சி வானொலியின் வயிற்றில் பிறந்த குழந்தை. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், டெல்லியில், ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் துணையோடு அகில இந்திய வானொலியே அதனைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில் அது நடைபெற்றது. தனி மனிதர் வீடுகளில் பெட்டிகள் அரியவாதலின், பொதுவிடங்களில் வைத்த சில பெட்டிகளின் முன் மக்கள் குழுவாகக் கூடிக் கண்டனர். 1965-இல் நாள்தோறும் ஒளிபரப்பு வந்தது. டெல்லிக்கு அடுத்துப் பம்பாய் நகரம் தொலைக்காட்சி பெற்றது 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள்தான். 1973-இல் ஸ்ரீநகரும் அமிர்தசரசும், 1975-இல் கல்கத்தாவும் சென்னையும் லக்னோவும் அவ்வரிசையில் சேர்ந்தன.

சென்னை நிலையம் தொடங்கிய நாள் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. எனக்குப் பத்து வயது நிறைந்த அதே திங்கள். 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று தொலைக்காட்சி வானொலியினின்றும் பிரிந்து, தூர்தர்ஷன் என்னும் பெயரோடு தனிக்குடித்தனம் சென்றது. நான் மேலே கூறிய கண் வடிவமும் ஷெனாய் இசையும் அந்நாளில் வந்தவையே. அவ்விசையை அமைத்ததில் பண்டிதர் ரவிசங்கரோடு ஷெனாய்க் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கானுக்கும் பங்குண்டு.

அக்காலத்தில் நாங்கள் திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தோம். ஒரு முற்றத்தைச் சுற்றி ஆறு குடும்பங்கள். எங்கள் தெருவில் முதலில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வணிகர், வசதியுள்ளவர், நல்லவரும்கூட. மரத்தாலான கூடு, அதற்கு இருபுறமும் இழுத்து மூடும் கதவுகள், கதவுக்குப் பூட்டு. கருப்பு வெள்ளைப் படம் வண்ணப்படம்போல் தோன்றட்டும் என்று கண்ணாடியின்மேல் நிறத்தாள் ஒன்றைப் பின்னர் ஒட்டினார்கள். வானம் நீலமாக இருக்கும்; கதாநாயகியின் முகமும் நீலமாகவே இருக்கும். அதைப் பற்றி எவரும் குறை கூறியதில்லை.

மாலையானால் தெருப்பிள்ளைகள் யாவரும் அவ்வீட்டுக் கூடத்தில் அமர்வோம். ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியில் நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றிச் சொல்வார்கள். வயலையே காணாத திருவல்லிக்கேணிச் சிறுவர்களாகிய நாங்கள் அதனையும் கண் இமையாமல் பார்ப்போம். பிற்காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ‘ஒலியும் ஒளியும்’ வந்தது. ஞாயிறு மாலையில் திரைப்படம் வந்தது. அந்த அரை மணி நேரத் திரைப்பாடல்களுக்காக வெள்ளிக்கிழமை மாலையில் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். இடையில் படம் நின்றால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்னும் அறிவிப்புப் பலகை தோன்றும். தடங்கல் நீங்கும்வரை அப்பலகையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

இவை யாவும் உண்மை. என் நெஞ்சில் இன்றும் ஒளிரும் காட்சிகள். ஆயினும் உள்ளம் எனக்குச் சொல்வதை அப்படியே வரலாறாக எழுதிவிடலாமா?

இளமையை எண்ணி ஏங்குவது மனித இயல்பு. புறநானூற்றின் 243-ஆம் பாட்டு, தண்டூன்றி நடக்கும் முதியவர் ஒருவர், இருமலுக்கிடையே, தாம் சிறுவராக இருந்தபோது மரத்திலேறி ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டியதை நினைந்து வருந்துவதாக அமைந்தது. அப்புலவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. அம்முதியவர் ஊன்றிய கோலை வருணித்த தொடராலேயே அவர் தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்கப்படுகிறார். மேனாட்டிலோ இவ்வேக்கத்தை முதலில் ஒரு நோய் என்றே கருதினார்கள். 1688-ஆம் ஆண்டில் பாசல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், அயல்நாடுகளில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து நாட்டவரைப் பீடித்த வீட்டேக்கத்தை ஆராய்ந்து, வீடு திரும்புதல், துன்பம் என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அந்நோய்க்குப் ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் சூட்டினார். அன்று அது இடத்தை எண்ணி ஏங்கும் நோய்; ஊர் திரும்பினால் தீரும். இன்று நாம் ஏங்குவது காலத்தை எண்ணி. அதற்குத் திரும்பும் வழியில்லை.

மணவிழா, மணிவிழா, காதணிவிழா போன்ற குடும்ப நிகழ்ச்சிகளில் இவ்வேக்கம் மிகுதல் ஏன்? நம் இளமையைக் கண்ட சான்றாளர்கள் அங்கேதான் ஒன்றுகூடுகிறார்கள். ஆண்டுக்காண்டு அவர்தம் எண்ணிக்கை குறைவதையும் அங்கேதான் காண்கிறோம். என் மணிவிழாவில் தாயும் தந்தையும் இல்லை. பந்தியில் முதல் இலையில் அமர்வதற்கு மூத்தவர் யார் என்று தேடினால், நாங்களே மூத்தவர்களாகி இருந்தோம்.

என் தந்தையாரை அந்நேரத்தில் நினைத்தேன். அவர் 1928-இல் பிறந்தவர். பக்கத்து வீட்டிலிருந்து நான் திரும்பிவரும்போதெல்லாம் அவர் கடிந்துகொள்வார். “கண்ணைக் கெடுக்கும் பெட்டி! எங்கள் காலத்தில் காதைத் திறந்து வைத்துக் கேட்டோம், மனத்திலே படம் ஓடியது” என்பார். அவருடைய பொற்காலம் வேறு. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலியோர் சென்னையில் ஒரு வானொலிச் சங்கத்தை நிறுவி ஒலிபரப்பு நடத்தினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை நகராட்சி மன்றம் 1930-இல் தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைத்தார்கள். 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றும்வரை அவ்வொலிபரப்பு நடந்தது. என் தந்தையார் சிறு பிள்ளையாகத் தம் பாட்டனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு, மணலில் அமர்ந்து அந்த இசையைக் கேட்டவர். அதனை விஞ்சிய இன்பம் உலகில் இல்லை என்று இறுதிவரை நம்பியவர். அந்தப் பாட்டனார் ஒலிபெருக்கியைப் பற்றி என்ன சொல்லிக் கடிந்தாரோ! தெருக்கூத்தைக் கெடுக்க வந்த கருவி என்று சொல்லியிருப்பினும் வியப்பில்லை.

இதனால் அறியத்தக்கது ஒன்று உண்டு. பொற்காலம் என்பது நாட்காட்டியில் உள்ள காலமன்று. அவரவர்க்குப் பத்து வயதான காலம். அக்காலத்தில் நாட்டில் என்ன நடந்தது என்பதை நம் ஏக்கம் கேட்பதே இல்லை.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய நாளில் இந்தியா எந்நிலையில் இருந்தது? 1975-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் இரவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு திங்கள்கூட நிரம்பவில்லை. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். 1976-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் தமிழக அரசு கலைக்கப்பட்டது. 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள்வரை நெருக்கடி நிலை நீடித்தது. நான் கூடத்தில் கால்மடக்கி அமர்ந்து கண்ட முதல் செய்திகள் அரசு விரும்பிய செய்திகளே. பிற்காலத்தில் இப்பகுதியைப் பாடமாக நடத்தும்போது, கரும்பலகையில் 1975 என்று எழுதுவேன். எழுதும் கை நெருக்கடி நிலை என்று எழுதும். நெஞ்சோ பக்கத்து வீட்டுக் கூடத்தை நினைக்கும். இரண்டும் ஒரே ஆண்டு என்பது எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

நெருக்கடி நிலை பெரிய செய்தி, நூல்களில் உள்ளது. மறந்தாலும் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். எந்த நூலிலும் இல்லாத சிறிய செய்தி ஒன்று உண்டு. அதைத்தான் என் தமக்கை சொன்னார்.

அவர் எனக்கு நான்கு வயது மூத்தவர். சென்னையில் தொலைக்காட்சி வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. மண்டபத்தில் எல்லாரும் பேசி ஓய்ந்தபின், வெற்றிலையை மடித்துக்கொண்டே அவர் அமைதியாகச் சொன்னார்: “நீங்கள் சொல்வதெல்லாம் எனக்குக் கதை கேட்பதுபோல இருக்கிறது. நான் இதைக் கேட்டிருக்கிறேன், தம்பி. பார்த்ததில்லை.”

எனக்கு விளங்கவில்லை. “ஏன் அக்கா, நாமெல்லாரும் அடுத்த வீட்டிற்குப் போவோமே!” என்றேன்.

“நீ போவாய். நான் பெரியவளான பிறகு, விளக்கு வைத்த நேரத்தில் அயல்வீட்டுக்குப் போகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவும் போனதில்லை. நம் கிணற்றடிச் சுவருக்கு அந்தப்பக்கம் அவர்கள் கூடத்தின் பின்சன்னல் இருந்தது. பாட்டு வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் இறைக்கப் போவேன். குடம் நிறைந்த பிறகும் இறைத்துக்கொண்டே இருப்பேன்.”

அவர் மேலும் சொன்னார். அந்தப் பின்சன்னலுக்கு வெளியே ஒரு சிறுவன் நின்றுகொண்டிருப்பானாம். அவன் அவ்வீட்டில் பாத்திரம் துலக்கிய அம்மையாரின் மகன். எங்களோடு கூடத்தில் அமர அவனை எவரும் அழைத்ததில்லை. அமரலாம் என்று அவனும் எண்ணியதில்லை. கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றபடியே பார்ப்பான். என் தமக்கை சுவருக்கு இப்பால் நின்று, “இப்போது யார் வருகிறார்கள்? என்ன புடைவை?” என்று மெல்லக் கேட்பார். அவன் திரும்பாமலே சொல்லுவான்: “மலைமேலே ஓடுறாங்க அக்கா, புடைவையில பெரிய பெரிய பூ, இப்போ மழை பெய்யுது.” கருப்பு வெள்ளைப் படத்தில் பூவுக்கு நிறம் ஏது? அவனாக ஒரு நிறமும் சேர்த்துச் சொல்லுவானாம். “சன்னல் வழியாக அவன் பார்த்தான், அவன் வாய்வழியாக நான் பார்த்தேன்” என்றார் என் தமக்கை.

அந்தச் சிறுவனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர நான் முயன்றேன், முடியவில்லை. ஆண்டுக்கணக்காக அதே கூடத்தில் அமர்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு சன்னல் இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதனினும் மேலாக என்னை வாட்டிய எண்ணம் வேறொன்று. வீடு திரும்பியதும் உண்டு உறங்கிவிடுவேன். கண்டவற்றை என் தமக்கைக்கு ஒரு நாளேனும் நான் சொன்னதில்லை. அயலான் மகன் சொன்னான், உடன்பிறந்தவன் சொல்லவில்லை.

தமக்கையின் கதை அத்துடன் முடியவில்லை. 1982-இல் அவருக்கு மணமாயிற்று. அவ்வாண்டுதான் இந்தியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது. டெல்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியை நாடு வண்ணத்தில் கண்டது. 1983-இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் விண்ணேறியது. அடுத்த ஆண்டில் சிற்றாற்றல் ஒளிபரப்பிகள் ஊர்தோறும் விரைந்து எழுந்தன. அஞ்சலகத்திற்குச் சென்று ஆண்டுதோறும் கட்டிவந்த உரிமக் கட்டணமும் 1980-களின் இடைப்பகுதியில் நீங்கியது. 1984-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் தொடங்கிய ‘ஹம் லோக்’ என்னும் தொடர்கதை, தொடர் நாடகம் என்னும் புதிய பழக்கத்தை நாட்டில் ஊன்றியது. 1987-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் முதல் ஞாயிறு காலைகளில் இராமானந்த சாகரின் ‘இராமாயணம்’ வந்தது. இந்தி அறியாத தமிழ்க் குடும்பங்களும், கதை அறிந்ததே என்னும் துணிவில் அதன்முன் அமர்ந்தன. 1988-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் பி. ஆர். சோப்ராவின் ‘மகாபாரதம்’ 94 பகுதிகளாக வந்தது.

தமக்கையின் புகுந்த வீட்டில் அப்போது சொந்தப் பெட்டி இருந்தது. “அப்போதாவது பார்த்தாயா, அக்கா?” என்று ஆவலோடு கேட்டேன். அவர் சிரித்தார். “ஞாயிற்றுக்கிழமை காலையில் இராமரைப் பார்க்க வீடு நிறைய ஆள் வரும். அத்தனை பேருக்கும் காப்பியும் இட்லியும் யார் போடுவது? அயோத்தியிலிருந்து இலங்கை வரைக்கும் எனக்கு இட்லிப்பானை ஆவிதான் தெரிந்தது. வில் ஒடிந்த ஓசை கேட்டது, ஒடித்ததைப் பார்க்கவில்லை.”

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அவருடைய மகன் சிரிக்கவில்லை.

நேயர்களே, என் தமக்கை தம் குறையைச் சொல்லி அழவில்லை. நம் தந்தையார் கொடியவர் என்றும் அவர் கருதவில்லை. அந்நாளில் நம் நாட்டில் எண்ணற்ற வீடுகளில் அதுவே முறை. பெண் பெரியவளானால் அவளுடைய உலகம் வாசற்படியோடு நின்றது. பெட்டி வைத்திருந்த வீட்டுக் கூடம் தெருவுக்கே பொது என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆயின் அக்கூடத்திலும் உள்ளே அமர்ந்தோர், திண்ணையில் நின்றோர், சன்னலில் தொங்கினோர், வரவே இயலாதோர் என்ற படிகள் இருந்தன. பணத்தால் நின்றோர் சிலர். சாதியால் நின்றோர் சிலர். பெண்ணாய்ப் பிறந்தமையால் நின்றோர் பலர். ‘எல்லாரும் சேர்ந்து பார்த்தோம்’ என்று நாம் சொல்லும் அந்த ‘எல்லாரும்’ எவரெவர் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

காலம் இத்தடைகள் பலவற்றைத் தளர்த்தியிருக்கிறது. ஊராட்சி மன்றங்களில் பொதுப்பெட்டிகள் வந்தன. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் தமிழில் தனியார் தொலைக்காட்சி தோன்றியது. 2006-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியது. அதனைப் பலர் ஏளனம் செய்தார்கள், நானும் செய்தேன். சன்னற் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்ற சிறுவனின் கதையை முன்னரே கேட்டிருந்தால் அத்துணை எளிதாக ஏளனம் செய்திருக்கமாட்டேன். அயல்வீட்டு வாசலில் நிற்கத் தேவையில்லாத நிலை என்பது உள்ளே அமர்ந்திருந்தவனுக்குப் பெரிதாகத் தோன்றாது.

ஆகவே பழைய நாளை நினைந்து மகிழ்தல் தவறென்று சொல்ல வந்தேனல்லேன். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் நாடு வீடடங்கியபோது, மார்ச்சு 28-ஆம் நாள் முதல் பழைய ‘இராமாயணம்’ மீண்டும் ஒளிபரப்பாயிற்று. ஏப்ரல் 16-ஆம் நாள் ஒரே பகுதியை 7.7 கோடிப் பேர் கண்டதாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. அச்சமும் தனிமையும் சூழ்ந்த நாட்களில் மக்கள் தம் இளமைக்கால வீட்டின் கூடத்தைத் தேடிச் சென்றார்கள். அதில் ஆறுதல் இருந்தது. அதனைப் பழிக்க இயலாது. சென்னை நிலையம் பின்னர்ப் பொதிகை என்று பெயர் பெற்றது; 2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் டி.டி. தமிழ் என்று வழங்குகிறது. பெயர்கள் மாறினும் அந்த ஷெனாய் இசை எழுந்தால் என் நெஞ்சம் பத்து வயதாகிவிடுகிறது. அதை நான் மறைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. இளமை நினைவு என்பது நம் உணர்ச்சிக்கு உண்மையான சான்று. காலத்திற்கு அரைகுறையான சான்று. நீதிமன்றத்தில் ஒருவர் கூற்றைக் கேட்டுத் தீர்ப்பு வழங்குவதில்லை. வரலாறும் அத்தகையதே. ஒரு கல்வெட்டைப் படித்தால், இதை வெட்டியவர் யார், வெட்டச் சொன்னவர் யார், இதில் பெயர் வராதவர் யார் என்று கேட்க வேண்டும் என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சோழர் காலத்துக் கல்வெட்டிடம் கேட்ட கேள்வியை என் வீட்டுக் கிணற்றடியிடம் கேட்கவில்லை.

அங்கே கேட்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தொலைக்காட்சியின் தொடக்க நாட்களில் நிகழ்ச்சிகள் பல நேரடியாக ஒளிபரப்பாகிக் காற்றோடு கலந்தன. பதிவு நாடா விலை மிகுந்ததாகையால், ஒன்றை அழித்து அதன்மேல் மற்றொன்றைப் பதிவது பல நாடுகளின் நிலையங்களில் வழக்கமாயிருந்தது. நிகழ்ச்சிகளுக்கே அந்நிலை என்றால், அவற்றைப் பார்த்தவர்களையும் பாராதவர்களையும் பற்றிக் குறித்து வைத்தவர் யார்? அம்மாலைகளின் ஆவணக் காப்பகம் முதியோரின் நினைவு ஒன்றே. அதுவும் ஆண்டுக்கொருவராகக் கதவடைத்து வருகிறது. என் தாயாரிடம் நான் கேட்கவில்லை. நாங்கள் பாட்டுப் பார்த்த அந்த அரை மணி நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது இனி ஒருபோதும் எவர்க்கும் தெரியப் போவதில்லை.

அன்று மாலை விருந்தினர் பெரும்பாலும் சென்றுவிட்டார்கள். என் தமக்கையின் மகன் மீண்டும் மண்டபத்தின் விளக்குகளை அணைத்தான். தாயின் நாற்காலியை முன்வரிசையின் நடுவில் இட்டு, அவரை அமரச் செய்தான். பழைய திரைப்பாடல்கள் சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினான். அவற்றுள் ஒரு பாட்டு வந்தபோது தமக்கை கையமர்த்தி, “இது, இது! குடம் வழிந்து கால் நனைந்த பாட்டு” என்றார். பிறகு பேசவில்லை. பாட்டு முடிந்தது. சற்று நேரம் கழித்து, “அந்தப் பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். பூ பெரிதாகத்தான் இருக்கிறது” என்றார்.

அந்தப் பிள்ளைக்கு இன்று அறுபது வயதாவது இருக்கும். எங்கிருக்கிறாரோ, அறியேன். அவருடைய வீட்டு விழாவிலும் யாரேனும் அந்த இசையைப் போட்டிருக்கக்கூடும். அவர் என்ன சொன்னாரோ!

நேயர்களே, உங்கள் இல்லங்களிலும் மணவிழாக்களும் மணிவிழாக்களும் வரும். பழைய படங்களையும் பழைய பாடல்களையும் நீங்களும் போட்டு மகிழ்வீர்கள், மகிழுங்கள். அப்போது முன்வரிசையில் அமர்ந்து உரக்கப் பேசுபவர் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நிற்பவர் ஒருவர் இருப்பார். அவரை அழைத்து உட்காரச் சொல்லி, “அப்போது நீ எங்கே இருந்தாய்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பதற்கு அவர் இருக்கும்போதே கேளுங்கள்.